பேரலல் லைன்

கம்ப்யூட்டரின் முகத்தை எல்லோரும் பார்க்கிறோம். முதுகைப் பார்ப்பவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர், ரிப்பேருக்கு வருகிறவர். இன்னொருவர், வீடு பெருக்குகிற அம்மாள். அவரும் அங்கே தொங்கும் ஒயர்க் காட்டைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை ஒரு அடி தள்ளியே நிறுத்திவிடுவார்.

அந்த முதுகில் வரிசையாக மூன்று சின்ன ஓட்டைகள் இருக்கும். ரோஸ், இளநீலம், இளம்பச்சை. ரோஸ், மைக்குக்கு. நீலம், வெளியிலிருந்து சத்தம் உள்ளே வர. பச்சை, உள்ளேயிருந்து சத்தம் வெளியே போக. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெல்லும் சேர்ந்து போட்ட 'பிசி 99' என்ற வழிகாட்டியில் இந்த வர்ண ஏற்பாடு வந்தது. வர்ணம் வருவதற்கு முன்பெல்லாம் குத்துமதிப்பாகச் சொருகிவிட்டு, "பாட மாட்டேங்குதே!" என்று தலையில் தட்டுவது வழக்கம். கம்ப்யூட்டர் தலையில்தான்.

நம் பிரச்னை பச்சை ஓட்டை. ஓட்டை ஒன்று, ஸ்பீக்கர் செட் இரண்டு. ஒன்று இந்த அறையில், ஒன்று அந்த அறையில். இரண்டிலும் பாட வைக்க முடியுமா?

முடியும் ஸார். எப்படி என்பதற்கு முன்னால் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவுக்கு 79 வயது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கர் வைத்துக்கொண்டு பாத்ரூம் வரை போய் வருவார். மற்றபடி உள் அறைக் கட்டில்தான் அவருடைய ராஜ்யம். காது மந்தம். வயதானவர்களுக்குக் காது மொத்தமாக மந்தமாவதில்லை. முதலில் போவது உச்ச ஸ்தாயி. கீழ் ஸ்தாயி கடைசி வரை ஓரளவு இருக்கும். ஆகவே 'ஆ', 'ஓ' எல்லாம் கேட்கும். 'ஸ', 'ச', 'ஃப' நழுவிவிடும். நாம் பேசுவது சத்தமாகக் கேட்கும், என்ன பேசினோம் என்பது கேட்காது. 'எதுக்கு இப்படிக் கத்தறே?' என்பதும், 'என்ன சொன்னே?' என்பதும் ஒரே மூச்சில் வருவது இதனால்தான்.

ஹியரிங் எய்டு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஷெல்ஃபில், மூக்குப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் சௌக்கியமாக இருக்கிறது. டாக்டர் வரும்போது மட்டும் காதுக்கு வரும்.

அப்பா மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்தார். எதைச் சொன்னாலும் "ம்". சாப்பாடு ரெடி என்றாலும் "ம்". தெருமுனையில் இருந்த சிநேகிதர் தவறிவிட்டார் என்றாலும் "ம்". அந்த "ம்" என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பாட்டு என்றால் உயிராக இருந்த மனுஷர். கூடத்தில் என் மேஜை ஸ்பீக்கரில் பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடினால், அவர் அறைக்குப் போய்ச் சேரும்போது வெறும் முனகலாகிவிடும். டி.எம்.எஸ். மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவார். அவர் எல்லாருக்கும் கேட்பார்.

வால்யூமை ஏற்றலாமே? கணக்குப் போட்டுப் பார்த்தேன். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் இருக்கிற ஸ்பீக்கர் 4 மீட்டருக்குப் போனால் 12 டெசிபல் போச்சு. அதை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபையர் சுமார் 16 மடங்கு சக்தியைக் கொட்ட வேண்டும். வீட்டுக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், நடுவில் கதவு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மொத்தத்தில், அப்பாவுக்குக் கேட்பதற்குள் அடுத்த ஃபிளாட்காரர் கேட்க வந்துவிடுவார். ஸ்பீக்கரை அவர் தலைமாட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழி.

ஸ்பீக்கரும் தயாராக இருந்தது. 1989-ல் பி.எஃப். கடன் போட்டு அப்பா வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினால் பழைய கம்பீரம் அப்படியே இருந்தது. பாஸுக்கு ஒரு திருகு, ட்ரெபிளுக்கு ஒரு திருகு. இந்த ட்ரெபிள் திருகுதான் முக்கியம். அப்பாவின் காது எதை விடுகிறதோ அதைத் தூக்கிக் கொடுக்கலாம். 

ஆபீஸில் விஷயத்தைச் சொன்னதும் ஆளுக்கு ஒரு யோசனை. "ஒரு சவுண்ட் கார்டுல ரெண்டு செட்டா? கார்டு பொசுங்கிடும் சார்" என்றார் ஒருவர். இது ஒரு பரம்பரைப் பயம். பழைய ஆம்ப்ளிஃபையரில் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் 4 ஓம் ஆகி, கரன்ட் கூடி, ஆம்ப்ளிஃபையர் சூடாகும். அது நிஜம். ஆனால் பச்சை ஓட்டையில் நாம் மாட்டுவது ஸ்பீக்கரை இல்லை, ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கும் ஆம்ப்ளிஃபையரை. அதன் வாசலில் சாதாரணமாக 10,000 ஓம், சிலதில் அதற்கும் மேலே. இரண்டை மாட்டினால் 5,000. கார்டின் உள்ளே ஒரு 100 ஓம் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் குறைகிற வோல்ட்டேஜ் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. காது அதைக் கவனிக்கவே கவனிக்காது.

ஆகவே ஒரு சின்ன ஒய் பின் போதும். ஒரு முனை பச்சை ஓட்டையில். பிரிகிற இரண்டில் ஒன்று மேஜை ஸ்பீக்கருக்கு, ஒன்று நீள ஒயர் வழியாக உள் அறைக்கு. ஆனால் இதையே தலைகீழாகச் செய்யாதீர்கள். இரண்டு கம்ப்யூட்டரை ஒய் பின்னால் சேர்த்து ஒரு ஸ்பீக்கரில் விட்டால், ஒன்றின் வெளியேற்றம் இன்னொன்றின் மேல் முட்டும். ஒரு வாசலிலிருந்து இரண்டு பேர் தாராளமாக வெளியே போகலாம். இரண்டு பேர் எதிரெதிராக நெட்டித் தள்ளக் கூடாது.

இன்னொருவர், "ஒயரே வேண்டாம், ப்ளூடூத்" என்றார். வசதிதான். ஆனால் ப்ளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் பொதுவாக ஒரு விநாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு லேட்டாக வரும். தனியாகக் கேட்டால் தெரியாது. பக்கத்து அறையில் அதே பாட்டு ஒயரில் ஓடும்போது தெரியும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் இதை ஆராய்ந்தார். ஒரே பேச்சு இரண்டு ஸ்பீக்கரிலிருந்து சுமார் 30, 40 மில்லி விநாடிக்குள் வந்தால் மூளை அதை ஒரே குரலாகச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் எதிரொலி. கல்யாண மண்டபத்து மைக்கில் "வருக வருக... ருக ருக" என்று கேட்குமே, அது. காது சரியாக இருப்பவருக்கே கஷ்டம், அப்பாவுக்கு எதற்கு?

ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒய் பின், ஒரு முனையில் 3.5 மில்லி மீட்டர் பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளைப் பின்களும் உள்ள நீள ஒயர். மாட்டினேன். அப்பா ஒயர் முனையைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"டிப், ரிங், ஸ்லீவ். எங்க போர்டுல இருந்ததோட பேரன்டா இது" என்றார்.

சொல்ல மறந்துவிட்டேன். அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டு ஆபரேட்டராகச் சேர்ந்து 36 வருஷம் இருந்தவர். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. இன்று நாம் பாட்டுக் கேட்கிற 3.5 மில்லி மீட்டர் பின், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு லைனை இன்னொரு லைனோடு சேர்க்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்த பெரிய பின்னின் குட்டி வடிவம். நுனி, வளையம், அடி என்ற பெயர்கள்கூட அங்கிருந்து வந்தவைதான்.

"ஒய் பின்னா? இதுக்கு எங்க பாஷையில பேரலல் லைன்" என்றார். மாதக்கணக்கில் "ம்" தவிர வேறு சொல்லாத வாய் இது.

பேரலல் லைன் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கூடத்தில் ஒரு போன், உள்ளே ஒரு போன், இரண்டுக்கும் ஒரே நம்பர். கூடத்தில் நீங்கள் காலேஜ் சிநேகிதியோடு பரீட்சை பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கும்போது, உள்ளே 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். உடனே பேச்சு பரீட்சையிலிருந்து பாடத்திட்டத்துக்கு மாறும். அந்த 'க்ளிக்'கில் கருகிப்போன காதல்களைக் கணக்கெடுத்தால் தேறும் தொகை பெரிசு.

ஆம்ப்ளிஃபையரைப் போட்டோம். பி.பி.ஸ்ரீநிவாஸ் வந்தார். கூடவே 'ங்ங்ங்' என்று ஒரு ஹம்மும் வந்தது. காலிங் பெல் கேட்காத அப்பாவுக்கு இது கேட்டது. கேட்கத்தான் செய்யும். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. ஹம் அந்த 50-லும் அதன் மடங்குகளிலும் பாடும். அவ்வளவும் கீழ் ஸ்தாயி, அப்பாவின் காதில் இன்னும் உயிரோடு இருக்கிற பகுதி.

காரணம் இதுதான். கம்ப்யூட்டர் கூடத்து பிளக்கில், ஆம்ப்ளிஃபையர் உள் அறை பிளக்கில். இரண்டும் மூன்று பின், இரண்டுக்கும் எர்த் உண்டு. பாட்டு ஒயரின் வெளிச் சுற்றும் இரண்டு எர்த்தையும் இணைக்கிறது. ஆக ஒரு பெரிய வளையம். அதில் மின்சாரம் பிரதட்சணம் செய்கிறது. பாட்டு ஒயரைப் பிடுங்கினால் ஹம் நிற்கிறதா? நின்றால் இந்த வியாதிதான்.

எலெக்ட்ரிஷியன் வந்து, "எர்த் பின்னை வெட்டி விட்டுடலாம் சார், சுத்தமா நின்னுரும்" என்றார். அப்பா கட்டிலிலிருந்தே ஒரு அதட்டல் போட்டார். "ஹம் நின்னுரும். ஒரு நாள் ஆளும் நின்னுருவான்!" எர்த் என்பது உயிருக்குப் போட்ட வேலி. ஹம்முக்காக அதில் கை வைக்கக் கூடாது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுவது முதல் வைத்தியம். அறை வேறு வேறாக இருந்தால், நடுவில் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் டப்பா. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். பாட்டு காந்தமாகத் தாண்டிப் போகும், எர்த் இந்தப் பக்கமே நின்றுவிடும். "எங்க லைன்லயும் இப்படி காயில் போட்டிருப்போம்" என்றார் அப்பா. டப்பா வந்தது. ஹம் போனது.

ஒரு வாரம் வீடு கச்சேரி மண்டபமாக இருந்தது. காலையில் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம், மத்தியானம் கண்டசாலா. அப்பா தாளம் போட்டார். ரசத்தில் உப்பு கம்மி என்று மருமகளிடம் சொல்கிற அளவுக்கு உற்சாகம் திரும்பியது.

எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை. ஹெட்போனை நாள் முழுக்க மாட்டினால் காது மடல் வீங்கிவிடுவதால், மீட்டிங்கெல்லாம் மேஜை ஸ்பீக்கரில்தான். பேரலல் லைனுக்குப் பாட்டு எது, மீட்டிங் எது என்று தெரியாது. பச்சை ஓட்டையில் வருவதெல்லாம் இரண்டு பக்கமும் போகும்.

ஒரு புதன்கிழமை மேனேஜர் பிடித்துக்கொண்டார். கணக்கு அறிக்கை லேட். பத்து பேர் இருக்கிற மீட்டிங்கில், பத்து நிமிஷம், நிறுத்தாமல். "இத்தனை வருஷ சர்வீஸ்ல என்ன கத்துக்கிட்டீங்க?" என்பது அதிலேயே மிருதுவான வாக்கியம். மற்றொரு செக்‌ஷன் பையன் விவரங்களை மூன்று நாள் லேட்டாகக் கொடுத்திருந்தான். அவன் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. வீட்டில் ஏதோ ஆஸ்பத்திரி விவகாரம். அவனும் மீட்டிங்கில் இருந்தான். நான் ஆறு மணிக்குள் அனுப்பிவிடுகிறேன் என்றேன். அனுப்பியும் விட்டேன்.

ராத்திரி அப்பா கூப்பிட்டார்.

"யாருடா அது, மத்தியானம் அந்தக் கத்து கத்தினது?"

எனக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று புறப்பட்டது. "மேனேஜர்ப்பா."

"நீ ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னேனே."

"கேக்கலையே."

கேட்டிருக்காது. என் பேச்சு மைக் வழியாக வெளியே போகிறது. என் ஸ்பீக்கரில் வராது. எதிராளியின் குரல் மட்டும்தான் பச்சை ஓட்டைக்கு வரும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பேசியதை நேராகக் கேட்க அவருக்குக் காது இல்லை. ஆக, பத்து நிமிஷம் தன் பிள்ளையை ஒருத்தர் திட்டுவதையும், பிள்ளை வாயே திறக்காமல் இருப்பதையும் அவர் படுத்தபடி கேட்டிருக்கிறார்.

விவரமாகச் சொன்னேன். காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி. என் ஆபீஸில் என்ன வேலை, யார் யார், எதற்கு அந்த அறிக்கை, எல்லாம். 25 வருஷ சர்வீஸில் நான் அப்பாவிடம் ஆபீஸ் பற்றி அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

"அந்தப் பையன் பேரைச் சொல்லலையா?"

"சொல்லலப்பா."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார்.

என் அப்பாவிடம் "சரி" வாங்குவது லேசில்லை ஸார். பிளஸ் டூ மார்க் ஷீட்டுக்கே "ம்"தான் கிடைத்தது.

பிறகு சொன்னார்: "என்னை அந்த லைன்லேர்ந்து எடுத்துடு. ஆபரேட்டர் லைன் போட்டுட்டு விலகிடணும். எங்ககிட்ட ஒரு கீ இருக்கும், தட்டினா பேச்சு கேக்கும். லைன் சரியா இருக்கான்னு பாக்கத்தான் அது. அதுக்கு மேல கேட்டா ராத்திரி தூக்கம் வராது. அதுலயும் பாதிப் பேச்சு கேக்கறது மகா பாவம்."

இப்போதுதான் இரண்டாவது கட்டம். ஒரே சத்தத்தை இரண்டு இடத்துக்கு அனுப்ப ஒய் பின் போதும். வேறு வேறு சத்தத்தை வேறு வேறு இடத்துக்கு அனுப்ப, கம்ப்யூட்டருக்கு இரண்டு சவுண்ட் கார்டு வேண்டும். ஒரு காலத்தில் சவுண்ட் கார்டு என்றாலே பெரிய பலகை. சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கொண்டுவந்த நாளில், அது இல்லாத கம்ப்யூட்டர் பெரும்பாலும் 'பீப்' என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஜீவன். இப்போது அந்தப் பலகை மதர்போர்டில் ஒரு சில்லாகச் சுருங்கிவிட்டது. இரண்டாவதாக வேண்டுமானால் கட்டைவிரல் அளவில் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சொருகினால் போதும், கம்ப்யூட்டர் தனக்கு இரண்டு வாய் இருப்பதாக ஒத்துக்கொள்ளும்.

எந்த வாயில் எது என்பதை நாம் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-ல் 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து இந்த வசதி இருக்கிறது. 11-லும் உண்டு. 11-ல் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட், அதில் வால்யூம் மிக்ஸர். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் வரிசையாக நிற்கும். பாட்டுப் புரோகிராமுக்கு யு.எஸ்.பி. கார்டு, மீட்டிங் புரோகிராமுக்குப் பழைய பச்சை ஓட்டை. ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். என் மேஜையில் மேனேஜர், அப்பா அறையில் கண்டசாலா. ஒருவருக்கு இன்னொருவர் இருப்பதே தெரியாது. இருவருக்கும் நல்லது.

பழைய பேரலல் ஒயரைச் சுருட்டப் போனேன். அப்பா தடுத்தார்.

"அதுவும் இருக்கட்டும். பேத்தி பேசற லைன் அதுதானே?"

பெண் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில் வருவாள். முன்பெல்லாம் செல்போனை அப்பா காதில் வைத்தால், அவள் பேசப் பேச இவர் "நல்லாயிருக்கேம்மா" என்று எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் சொல்வார்.

பழைய ஆம்ப்ளிஃபையரில் ஒரு சௌகரியம், நெற்றியில் செலக்டர் திருகு உண்டு. ஆக்ஸில் யு.எஸ்.பி. கார்டு ஒயரை மாட்டினேன். டேப் என்ற இடத்தில் பேரலல் ஒயர். இரண்டுக்கும் தனித்தனி டிரான்ஸ்ஃபார்மர் டப்பா. திருகு அப்பாவின் கைக்கு எட்டும் தூரத்தில். ஒரு பக்கம் திருப்பினால் பாட்டு, இன்னொரு பக்கம் திருப்பினால் கூடத்து லைன்.

பாஸ்வேர்டு இல்லை, பூட்டு இல்லை. எந்த மீட்டிங்கை வேண்டுமானாலும் அவர் கேட்கலாம். புதன்கிழமைகளில் சத்தம் கொஞ்சம் பலமாகிற நேரத்தில் காபி டம்ளர் எடுக்கிற சாக்கில் அவர் அறையை எட்டிப் பார்ப்பேன். திருகு ஆக்ஸில் இருக்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே திருகு டேப்புக்குப் போய்விடும்.

"தாத்தா, கேக்குதா?" என்பாள் பெண்.

அப்பாவிடம் மைக் கிடையாது. கதவைத் திறந்துவைத்து, பழைய டிரங்க் கால் குரலில் உள்ளேயிருந்து பதில் போடுவார். கோயம்புத்தூருக்குக் கம்ப்யூட்டர் இல்லாமலே போய்ச் சேர்கிற குரல் அது.

"கேக்குது, கேக்குது! மெஸ்ஸுல ரசம் எப்படி இருக்கு?"